அக்காவுக்கு எல்லாம் அத்துப்படி என்கிறீர்களே

கேள்வி: லண்டன் பக்கம் குரோய்டனில் இருக்கிறேன். போன மாதம் குழந்தைகளோடு சார்லஸ் டார்வின் வாழ்ந்த டவுன் ஹவுஸுக்குப் போய்வந்தோம். அப்புறம் அவர் மனைவி எம்மாவின் குடும்பக் கடிதங்களைத் தேடிப் படித்தேன். யார் விருந்துக்கு வந்தார்கள், எந்த அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று எவ்வளவு அழகாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்! எங்கள் வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் படம்தான் வருகிறது. கும்பகோணத்தில் அம்மாவோடு இருக்கும் பெரிய அக்காவை வாரம் ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். 2013இல் என் கல்யாணத்துக்கு வந்ததற்குப் பிறகு அவள் ஊரைத் தாண்டியதில்லை, அதனால் வீட்டு விஷயமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் “பார்க்கலாம்” என்பதோடு சரி. தங்கை சிங்கப்பூரில், அவளுக்கும் ஆசைதான். அக்காவை எப்படி எழுத வைப்பது?

பதில்: எழுத வைப்பது இருக்கட்டும். 2013க்குப் பிறகு உங்கள் அக்கா ஊரைத் தாண்டியதில்லை என்று எழுதிவிட்டு, “அதனால்” என்று அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டீர்களே, அந்த இடத்தில் உங்கள் கை நின்றிருக்க வேண்டாமா? ஒரு மனுஷி இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள், அது உங்களுக்குச் செய்தி எழுதும் தகுதியாகத் தெரிகிறது.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா போனில் சரியாகப் பேசுவதில்லை, ஊரில் இருக்கும் தம்பி சிடுசிடுக்கிறான் என்று. எழுதுகிறவர் எப்போதும் தூரத்தில் இருப்பவர்.

எம்மாவைப் படித்தீர்கள், சரி. அந்தக் கடிதங்களில் பலவற்றைப் பெற்றுப் படித்த அவருடைய அக்கா எலிசபெத் வெட்ஜ்வுட்டைக் கவனித்தீர்களா? 1793இல் பிறந்தவர், எம்மாவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஸ்டாஃபோர்ட்ஷயரில் மேர் ஹால் என்ற கிராமத்துப் பெரிய வீடு அவர்களுடையது. அம்மா வருஷக்கணக்கில் படுக்கையில், அப்பாவுக்கும் உடம்பு தளர்ந்துகொண்டே வந்தது. கல்யாணமாகாத இரண்டு பெண்களும் சேர்ந்துதான் அம்மாவைப் பார்த்துக்கொண்டார்கள். 1839 ஜனவரி 29 அன்று எம்மாவுக்குக் கல்யாணம், அன்றைக்கே ரயிலேறி லண்டன். புறப்படும் நேரத்தில் அம்மா தூங்கிக்கொண்டிருந்ததால் பிரிவின் வேதனை தப்பியது. எலிசபெத்துக்கு அப்படி ஒன்றும் தப்பவில்லை. இரண்டு பேர் சுமந்தது அன்றிலிருந்து ஒருத்தர் மேல் விழுந்தது. அப்பா 1843இல் போனார், அம்மா 1846இல். அதுவரை எலிசபெத் அந்த வீட்டில்தான்.

அந்தக் காலக் கிராமத்து வீடுகளில் செய்தி தானாகச் சேர்ந்துவிடவில்லை. வந்தவர்களை உட்கார வைத்துப் பேசுவது, பதிலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போய்வருவது, விருந்துக்கு எத்தனை பேர் என்று கணக்குப் பார்ப்பது, நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவது, எல்லாம் முடித்த பிறகு மேஜையில் உட்கார்ந்து எழுதுவது: பெரும்பாலும் வீட்டோடு இருந்துவிட்ட பெண்ணின் தலையில் விழுந்த வேலை இது. அதுவும் சமையல்காரர், வேலைக்காரர்கள் இருந்த வீடுகளில். டவுன் ஹவுஸில் பார்ஸ்லோ என்ற பட்லர் பல வருஷம் இருந்தார். உங்கள் அக்காவுக்கு யார் இருக்கிறார்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

இன்னொன்று. எம்மா வாங்கிப் படிக்க மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. 1840இல் பென்னி தபால் வந்தபோது, அரை அவுன்ஸ் வரை நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும் ஒரு பென்னிதான். அதற்கு முன் தூரத்துக்கும் தாளுக்கும் ஏற்பக் கூலி, பெரும்பாலும் வாங்குகிறவர் கொடுக்க வேண்டியது. தாள் மிச்சம் பிடிக்க எழுதிய பக்கத்தின் மேலேயே குறுக்காக எழுதினார்கள். அந்தச் சிரமத்திலும் எம்மா தன் புது வீட்டு வேலைக்காரர்கள், தனக்கு வந்த பியானோ என்று ஒன்று விடாமல் மேருக்கு எழுதினார். அதோடு நிற்கவில்லை. 1840இலும் 1841இலும் கைக்குழந்தைகளோடு போய் மேரிலேயே மாதக்கணக்கில் தங்கினார். பிற்காலத்தில் எலிசபெத், டவுன் ஹவுஸ் இருக்கும் டவுன் என்ற கிராமத்துக்கே குடிவந்து, 1880இல் இறக்கும்வரை தங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

எம்மாவிடமும் எனக்கு ஒரு கோபம் உண்டு. அவருடைய மகள் ஹென்ரியெட்டா 1871இல் கல்யாணமாகிப் போனாள்; அம்மாவின் கடிதங்கள் அவளுக்கு வந்துகொண்டே இருந்தன, பிறகு அவற்றையெல்லாம் தொகுத்ததும் அவள்தான். இன்னொரு மகள் பெஸ்ஸி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, 1896இல் எம்மா இறக்கும்வரை அம்மாவோடு. அக்கா பட்டதைக் கண்ணால் பார்த்தவர் வீட்டிலேயே அது திரும்ப நடந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, “அவள் இருக்கிறாளே” என்று எல்லோரும் நினைத்தால் போதும்.

பெற்றவளைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகள் எல்லோருடைய கடமை. மாதாமாதம் பணம் அனுப்புவீர்கள், நம்புகிறேன். அதனால் உங்கள் பங்கு முடிந்துவிட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ராத்திரி அம்மா எழுந்தால் கூட எழுந்திருப்பவள் அவள்தான், அந்தத் தூக்கத்தை எந்தப் பணமும் திருப்பித் தராது.

கடிதப் பேச்சை இனி அக்காவிடம் எடுக்காதீர்கள். வாராவாரம் நீங்கள் எழுதுங்கள், அவள் பதில் போடாவிட்டாலும். அலுவலகத்தில் ஒரு மாத லீவு கேளுங்கள்; தங்கை இன்னொரு மாதம் வரட்டும். அக்கா எங்கே போக வேண்டும் என்று அவளே சொல்லட்டும், லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ கூப்பிட்டுப் பேரக்குழந்தை மாதிரி உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். போவதற்கு முன் அம்மாவின் மாத்திரை எந்த நேரம், எந்த டாக்டர், எது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது என்று அவளிடம் கேட்டு உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாதம் வீட்டுச் செய்தியை நீங்கள் அவளுக்கு எழுதுங்கள்.