உதவி கேட்டு வரும் பதிவுகளை நம்பிப் பணம் அனுப்பலாமா? அந்தப் பணம் உண்மையில் எங்கே போகிறது?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்து போக முடியவில்லை. நீங்கள் ஐநூறோ ஆயிரமோ அனுப்பிவிட்டு, அப்புறம் மனசு உறுத்திக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கொடுத்தவர்கள் நிறையப் பேர் பதில் எழுதுவார்கள். நான் வாங்கிய பக்கத்து ஆள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை. தங்கை கோவில்பட்டியில் இருக்கிறாள். மாப்பிள்ளை லோடு ஆட்டோ ஓட்டுகிறார். 2020 கடைசியில் அவர்கள் பையனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போது அவனுக்கு ஆறு வயது. முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் வைத்தியம் பார்த்தோம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அதில் கிடைக்கும். அந்த அட்டை இல்லாவிட்டால் முதல் மாதமே வீட்டை விற்றிருப்பார்கள். எட்டு மாதத்தில் நோய் திரும்பியது. எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றார்கள். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 22 லட்சம் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள்.

அதே 2021இல்தான் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்குத் தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்கான 16 கோடி ரூபாய் ஊசிக்கு முகம் தெரியாத ஜனங்கள் பணம் போட்டார்கள். மத்திய அரசும் அந்த மருந்துக்கு வரியைத் தள்ளுபடி செய்தது. அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தைரியம் வந்தது. நிதி திரட்டும் இணையதளம் ஒன்றில் பதிவு செய்தோம். கமிஷன் கிடையாது என்றார்கள். நாற்பது நாளில் 9,40,000 ரூபாய் சேர்ந்தது. யார் யாரோ, எந்த ஊரோ. நூறு ரூபாய் அனுப்பிவிட்டு "தம்பி சீக்கிரம் குணமாகணும்" என்று எழுதியவர்களை இன்றைக்கும் மறக்கவில்லை.

பிறகு கணக்கு வந்தது. முகநூல், இன்ஸ்டாகிராம் விளம்பரச் செலவு என்று 2,35,000 ரூபாய் கழித்திருந்தார்கள். அதாவது ஆயிரம் அனுப்பியவருடைய பணத்தில் இருநூற்றைம்பது எங்கள் பையனின் படத்தை அடுத்தவர் போனில் காட்டுவதற்குப் போயிருக்கிறது. இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. படிவத்தில் இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது, கையெழுத்துப் போட்டதும் நாங்கள்தான். விளம்பரம் இல்லாமல் அவ்வளவு பணம் வந்திருக்காது என்பதும் தெரியும். ஆனால் பணம் போடுகிறவர் பார்க்கும் பக்கத்தில் அந்த வரி இல்லையே! அதுதான் எனக்கு ஆறவில்லை. இது போக, பணம் செலுத்தும்போது தளத்துக்கு 'டிப்' என்று ஒரு தொகையை அவர்களாகவே சேர்த்துக் காட்டுவார்கள். வேண்டாம் என்றால் அதைப் பூஜ்யமாக மாற்றிக்கொள்ளலாம். பலர் கவனிப்பதே இல்லை.

பதிவு போட்ட மூன்றாம் நாள் ஒருவன் போன் செய்தான். வீடியோ எடுத்துப் போடுவானாம், வருவதில் பாதி அவனுக்காம். அம்மா அழுவது கட்டாயம் வேண்டும் என்றான். தங்கை அந்த நாட்களில் அழாத நேரமே கிடையாது. ஆனாலும் "கேமராவுக்கு முன்னால அழ மாட்டேன்ணே" என்று சொல்லிவிட்டாள். உங்கள் போனில் வரும் எல்லா வீடியோவும் இப்படி எடுத்தது என்று சொல்லவில்லை. இப்படியும் எடுக்கிறார்கள்.

2022இல் பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது பையன் எங்களை விட்டுப் போய்விட்டான். எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை வரைக்கும் போகவே இல்லை. மருத்துவமனை பில் போக மீதி 1,10,000 இருந்தது. இன்னொரு குழந்தையின் கணக்குக்கு மாற்றலாமா என்று தளத்தில் கேட்டார்கள். உடனே சரி என்றோம். வசூல் பண்ணியவனே பாடம் எடுக்கிறான் என்று இங்கே யாராவது எழுதக்கூடும் என்பதால் இதைச் சொல்கிறேன். பில், ரசீது எல்லாம் இன்றும் பீரோவில் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்த வருஷத் தீபாவளிக்குத் தங்கை தவணையில் மிக்ஸி வாங்கியபோது, "பிள்ளை பேரில் வந்த காசு" என்று அவள் தெருவிலேயே பேசினார்கள். ஊருக்கே இருநூறு முந்நூறுதான் கொடுத்திருப்பார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. உள்ளே பிள்ளை கிடக்கும்போது வாசலில் வண்டி நிறுத்த மணிக்கு நாற்பது ரூபாய் வாங்கினார்கள். மாப்பிள்ளை ஆட்டோவை ஒரு கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டு, இட்லித் தூக்குடன் நடந்து வருவார். நோயாளியுடன் இருப்பவர்களுக்கு ஒரு வண்டிக்காவது இலவசமாக இடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2023இல் சார்ஜாவில் இருக்கும் நண்பன் ஒரு வாட்ஸப் செய்தியை அனுப்பி, "இது உன் மருமகன் மாதிரி இருக்கே" என்றான். சேலத்துப் பையன், இதயத்தில் ஓட்டை, மூன்று நாளில் ஆபரேஷன், கீழே ஒரு க்யூஆர் கோடு. பெயர் வேறு. படம் எங்கள் பையன்தான். மஞ்சள் பனியன், தாடைக்குக் கீழே இறக்கிய முகக்கவசம். நான் எடுத்த படம் அது. அசல் படத்தில் அவன் தலைக்குப் பின்னால் எங்கள் அச்சகத்துத் தினசரி காலண்டர் தொங்கும். 2021 ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை, அதனால் தேதி சிவப்பில் இருக்கும். தேதி தெரியக்கூடாது என்று அந்தத் தாளை வெட்டியிருந்தார்கள். மேலே முருகன் படம் மட்டும் மிச்சம். அந்த வருஷம் மஞ்சள் நிறம் நூலளவு விலகி அடித்துவிட்டதில் முருகன் தோளில் ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடும் அப்படியே இருந்தது. அதற்கு மேல் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அப்புறம் அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எந்த மருத்துவமனை என்று கேட்டேன். வைத்துவிட்டான், பிளாக்கும் செய்துவிட்டான். புகார் கொடுக்கப் போனால், பணம் இழந்தவர் வர வேண்டும் என்றார்கள். நாங்கள் இழந்தது பணம் இல்லையே.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கொடுப்பதை நிறுத்தாதீர்கள், பத்து நிமிடம் செலவழியுங்கள். பதிவில் உள்ள எண்ணை விட்டுவிடுங்கள். மருத்துவமனையின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, பில்லிங் பிரிவில் நோயாளியின் பெயரையும் உள்நோயாளி எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் மருத்துவமனைக் கணக்குக்கே அனுப்புங்கள். உண்மையான குடும்பம் இதற்குக் கோபப்படாது. எங்களை அப்படிக் கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர், அவர்களிடம் பேசும்போதுதான் எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். படத்தை கூகுளில் போட்டுத் தேடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்துவது கஷ்டம்.

அறக்கட்டளை என்றால், வருமான வரிக் கழிவுக்குக் காட்டும் ரசீதை, 80ஜி ரசீது என்பார்கள், கேட்டு வாங்குங்கள். பழைய வரி முறையில் இருந்தால் கழிவு கிடைக்கும், ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. தனி ஆளின் வைத்தியத்துக்கு நேரடியாகக் கொடுப்பதற்கும் கிடையாது. ரசீதை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். ரசீதுப் புத்தகம் அடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வேறொரு அறக்கட்டளையின் பதிவு எண்ணைக் கொண்டுவந்து அடித்துத் தரச் சொன்ன ஆளை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வருமான வரித்துறை இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே சமயம், நிர்வாகச் செலவு என்றாலே திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். வெளிநாட்டு நன்கொடையில் 20 சதவீதம் வரை அதற்குச் செலவழிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. 2020 வரை அது 50 சதவீதமாக இருந்தது.

அந்தப் படம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எச்சரிக்கைக்காக இங்கே போடுங்கள் என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம். போட மாட்டேன். தங்கையும் இப்போது போனில் எல்லாம் படிக்கிறாள்.