ஒல்லாந்தர் என்றால் யார்?

அன்புள்ள ஐயா,

நான் யாழ்ப்பாணத்தவன். ஒல்லாந்தர் கோட்டை, ஒல்லாந்தர் காலம் என்று படித்தே வளர்ந்தேன். இப்போது நெதர்லாந்தின் தெற்கு மூலையில், மாஸ்ட்ரிக்டில் வேலை. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, உடன் பணிபுரியும் உள்ளூர்க்காரரிடம் “ஒல்லாந்துக்காரர்களாகிய நீங்கள்” என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். “நான் ஒல்லாந்துக்காரன் இல்லை” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார். அரசும் 2020 முதல் தன் விளம்பரங்களில் ‘ஒல்லாந்து’ என்பதைக் கைவிட்டுவிட்டதாம். அப்படியானால் நாம் படித்ததே தவறா? ஒரு பெயருக்காக இவ்வளவு ரோஷமா?

க., மாஸ்ட்ரிக்ட்

அன்புள்ள க.,

உங்கள் நண்பரின் ரோஷத்துக்கு வயது முந்நூறுக்கு மேல். அவரை விட்டுவிடுங்கள், பாவம்.

ஒல்லாந்து என்பது கடலோரத்தில் இருந்த ஒரு மாகாணம். 1579இல் உட்ரெக்டில் கூடி ஒப்பந்தம் செய்து, 1581இல் ஸ்பெயின் அரசரை இனி ஏற்பதில்லை என்று அறிவித்தவர்கள் அமைத்த குடியரசில் ஏழு மாகாணங்கள் இருந்தன. ஒல்லாந்து, ஸீலாந்து, உட்ரெக்ட், கெல்டர்லாந்து, ஓவரைசல், ஃபிரீஸ்லாந்து, குரோனிங்கன். ஒவ்வொன்றும் தன்னைத் தனி அரசாகவே எண்ணிக்கொண்டது. ஆனால் பொதுச் செலவில் நூற்றுக்கு 58 பங்கை ஒல்லாந்து ஒன்றே கொடுத்தது. ஆம்ஸ்டர்டாமும் ரோட்டர்டாமும் அதற்குள்தான். கப்பலும் காசும் எங்கிருந்து வந்தனவோ அந்த ஊர்ப் பெயரைத்தான் துறைமுகங்களில் இருந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள். கல்லாப்பெட்டி யாரிடமோ, பெயர்ப்பலகையும் அவரிடம்.

இந்த ஏழில் மாஸ்ட்ரிக்ட் இருக்கும் உங்கள் லிம்பர்க் மாகாணம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதன் பக்கத்து மாகாணமான பிரபாண்டும் இல்லை. நண்பரின் முகம் சுருங்கிய கதை இங்கேதான் தொடங்குகிறது. குடியரசின் படைகள் 1629இல் பிரபாண்டின் டென் போஸ் நகரையும் 1632இல் மாஸ்ட்ரிக்டையும் பிடித்தன. 1648இல் ஸ்பெயினோடு சமாதானம் ஆனபோது இந்தத் தெற்குப் பகுதிகள் குடியரசின் கையில் நின்றன. எட்டாவது மாகாணமாகச் சேர்த்துக்கொண்டார்களா என்றால், இல்லை. ஏழு மாகாணங்களின் பிரதிநிதிகள் தி ஹேக்கில் கூடிய பொதுச்சபையே அவற்றை நேரடியாக ஆண்டது. வரி உண்டு, சபையில் இடம் கிடையாது. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், ஆட்சியோ புரட்டஸ்தாந்தருடையது. டென் போஸின் பெரிய புனித யோவான் தேவாலயத்தை ஆட்சியாளர்கள் புரட்டஸ்தாந்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் களஞ்சியங்களிலும் தனியார் வீடுகளிலும் பூசை கண்டார்கள். கோயில் அவர்களிடம் திரும்பி வர நெப்போலியன் வர வேண்டியிருந்தது. ஒன்றரை நூற்றாண்டு இப்படி ஆளப்பட்ட ஊரில், ‘ஒல்லாந்தன்’ என்றால் வரி வாங்க வந்தவன் என்ற நினைப்பு ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை. இன்றும் தெற்கே அந்தச் சொல்லுக்கு ‘பெரிய ஆறுகளுக்கு வடக்கே இருந்து வந்தவன், சத்தமாகப் பேசுகிறவன்’ என்ற பொருள் உண்டு. ரைன், வால், மாஸ் ஆறுகள்தான் அந்த எல்லை.

லிம்பர்க்கின் கதை இதைவிடச் சிக்கலானது. 1830இல் நெதர்லாந்திலிருந்து பெல்ஜியம் பிரிந்தபோது லிம்பர்க்கில் ஏறத்தாழ எல்லா இடமும் பெல்ஜியத்தின் பக்கம் போயிற்று. மாஸ்ட்ரிக்ட் நகரை மட்டும் தளபதி டிபெட்ஸின் படை நெதர்லாந்து மன்னருக்காகப் பிடித்து வைத்திருந்தது. 1839இல் மாகாணத்தை இரண்டாக வெட்டினார்கள். நெதர்லாந்துக்குக் கிடைத்த பாதி அதன் மாகாணமாகவும் இருந்தது, மாஸ்ட்ரிக்ட், வென்லோ நகரங்கள் நீங்கலாக 1866 வரை ஜெர்மானியக் கூட்டமைப்பில் உறுப்பாகவும் இருந்தது. நண்பரின் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனாரைக் கேட்டிருந்தால் தான் எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல அவரே திணறியிருப்பார். ஒல்லாந்துக்காரர் என்று மட்டும் நிச்சயம் சொல்லியிருக்க மாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், நாடு முழுவதற்கும் அதிகாரபூர்வமாக ‘ஒல்லாந்து’ என்று பெயர் வைத்தவர் ஒரு வெளியார். நெப்போலியன் தன் தம்பி லூயியை 1806இல் ‘ஒல்லாந்து அரசின்’ மன்னராக்கினார். நான்கு ஆண்டுகளில் நெப்போலியனே அதைக் கலைத்துவிட்டார்.

சரி, நம் ‘ஒல்லாந்தர்’ தவறா? என் கணக்கில் முக்கால்வாசி சரி. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது ஒரு வணிகக் கம்பெனி. அதற்கு ஆறு கிளைச் சபைகள். ஐந்து ஒல்லாந்து மாகாணத்தில்: ஆம்ஸ்டர்டாம், டெல்ஃப்ட், ரோட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹவுசன். ஆறாவது ஸீலாந்தின் மிடல்பர்க்கில். நிர்வாகிகள் 17 பேர். ஆம்ஸ்டர்டாமுக்கு எட்டு இடம், ஸீலாந்துக்கு நான்கு, மற்ற நான்குக்கும் ஒவ்வொன்று. பதினேழாவது இடம் ஆம்ஸ்டர்டாம் தவிர்த்த மற்றவர்களிடையே சுற்றி வந்தது. பணம் அதிகம் போட்டவனுக்குப் பெரும்பான்மை மட்டும் கிடைத்துவிடக் கூடாது என்று எவ்வளவு கவனமாக எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள்! அந்தப் போட்டியின் தடம் உங்கள் ஊர்த் தீவுகளிலேயே இருக்கிறது. காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்றும், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும், புங்குடுதீவுக்கு மிடல்பர்க் என்றும் பெயரிட்டார்கள். இவற்றில் டெல்ஃப்ட் மட்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் பழவேற்காட்டில் 1613இல் கட்டிய கோட்டைக்கு கெல்ட்ரியா என்று பெயர். கெல்டர்லாந்தில் பிறந்த அதிகாரி தன் மாகாணத்தின் பெயரை வைத்துக்கொண்டார். ஒல்லாந்தர் என்று நாம் ஒரே பெயரில் அழைத்தவர்களுக்குள் இவ்வளவு ஊர்ப்பற்று.

2020 விளம்பர மாற்றத்தைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. தெற்கிலும் வடக்கிலும் உள்ள கசப்பு பெயரோடு நிற்கிற ஒன்றல்ல. வடக்கே உள்ள குரோனிங்கனைப் பாருங்கள். 1959இல் அங்கே மாபெரும் எரிவாயுப் படுகை கண்டுபிடிக்கப்பட்டது. வருமானம் அரசு இருக்கும் தி ஹேக்குக்கு. சுவர் விரிசல் குரோனிங்கனுக்கு. 2012இல் ஹவுசிங்கா என்ற சிற்றூரில் 3.6 அளவு நிலநடுக்கம் வந்த பிறகும் குழாயை மூடப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்த வீட்டுக்குள் இருப்பவரிடம் போய், உங்கள் நாட்டை இனி நெதர்லாந்து என்றுதான் சொல்வோம் என்றால் அவருக்கு என்ன வந்துவிடப் போகிறது?

யாழ்ப்பாணத்தில் ‘ஒல்லாந்தர் கோட்டை’ என்றே சொல்லுங்கள், பிழையில்லை. உங்கள் நண்பரிடம் ‘லிம்பர்க்காரரே’ என்று சொல்லுங்கள். கால்பந்துப் போட்டி நாளில் மட்டும் இந்த விதி செல்லாது. அன்று அவரே ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு “ஹுப் ஹாலந்து ஹுப்” என்று, அதே ஒல்லாந்தின் பெயரைச் சொல்லிக் கத்துவார். அதைச் சுட்டிக்காட்டி வம்பு வளர்க்காதீர்கள். அவரோடு நாளையும் சாப்பிட வேண்டும் அல்லவா?