கயிறு உங்கள் கையில் இருக்கட்டும்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 4 வயது, குழந்தைக்கு 7 மாதம். கணவர் காலை ஆறரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் நாயையும் குழந்தையையும் நானே வெளியே அழைத்துப் போகிறேன். ஸ்ட்ரோலரைத் தள்ள இரண்டு கையும் வேண்டியிருப்பதால் நாயின் கயிற்றைக் கைப்பிடியில் கட்டிவிடுகிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இதைப் பார்த்த மாமியார், "குழந்தை வந்தாச்சு, நாயை யாருக்காவது கொடுத்துடு" என்கிறார். நான் செய்வது தவறா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: தவறுதான். முதலில் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

வளர்ந்த லாப்ரடார் 25 முதல் 35 கிலோ வரை இருக்கும். உங்கள் ஸ்ட்ரோலரும் குழந்தையும் சேர்ந்தால்கூட அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடக் குறைய வரும், அவ்வளவுதான். குறுக்கே ஒரு பூனை ஓடுகிறது, பக்கத்துச் சந்தில் யாரோ பட்டாசு கொளுத்துகிறார்கள் என்று வையுங்கள். நாய் ஒரே பாய்ச்சலில் கிளம்பிவிடும். கயிறு கட்டியிருக்கும் கைப்பிடியோ வண்டியின் உச்சியில் இருக்கிறது. கீழே சக்கரங்களுக்கு நடுவே அகலம் குறைவு. உச்சியில் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் வண்டி சாயத்தான் செய்யும். நின்று பேசும்போது பிரேக் போட்டுவிடுகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். பிரேக் போட்ட வண்டியால் உருள முடியாது, அதனால் இன்னும் சுலபமாகக் கவிழும். பிரேக் போடாத வண்டி நாயோடு சேர்ந்து ரோட்டுக்குப் போகும். கயிறு கையில் இருந்தால், வேறு வழியே இல்லாத நேரத்தில் விட்டுவிடலாம். ஓடிய நாயைத் தேடிப் பிடிக்க முடியும். கட்டிய கயிற்றை அந்த ஒரு நொடியில் யாராலும் அவிழ்க்க முடியாது. இதுவரை ஒன்றும் ஆகாததற்கு உங்கள் நாயின் நல்ல குணம்தான் காரணம்.

இடுப்பில் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். அதுவும் வேண்டாம், நாய் இழுத்து நீங்கள் விழுந்தால் வண்டியும் உங்களோடு வரும். கயிற்றை விரலில் சுற்றிக்கொள்வதும் ஆபத்து, விரல் முறியும். பட்டனை அழுத்தினால் நீளும் கயிறு தெருவுக்கு ஆகாது. நான்கைந்து அடி நீளமுள்ள சாதாரணக் கயிறு போதும். ஸ்ட்ரோலரோடு மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று வந்திருந்தால் அதைத் தேடி எடுங்கள், பலர் அதை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் வண்டி உங்கள் கையோடு பிணைந்திருக்க வேண்டும், நாயோடு அல்ல.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். இரண்டு பேரையும் ஒரே நடையில் கூட்டிப் போக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு உண்மையில் இருக்கிறதா? வீட்டில் மாமியார் இருக்கிறார். குழந்தையை அவரிடம் இருபது நிமிடம் கொடுத்துவிட்டு நாயை மட்டும் கூட்டிப் போங்கள். நாய்க்கு அது போதும். நின்று நின்று மோந்து பார்க்க விட்டால், வேகமாக இழுத்துக்கொண்டு போகும் ஒரு மணி நேரத்தைவிட அதற்குத் திருப்தியாக இருக்கும். ஆறரைக்குக் கிளம்பும் கணவர் ஐந்தரைக்கு எழுந்தால் காலை நடை அவருடையது. நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவரும்தானே சம்மதித்தார்? பிள்ளை பெற்ற உடம்பு தேறிவரும் நேரத்தில் எல்லாவற்றையும் உங்கள் ஒரு ஜோடிக் கைமேல் போட்டது சரியில்லை. இதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். வேண்டுமானால் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள்.

சில நாள் வேறு வழி இருக்காது, அது எனக்கும் புரிகிறது. அதற்கு நாயைப் பழக்க வேண்டும், அவசரப்படாமல். முதலில் வீட்டுக்குள் காலி ஸ்ட்ரோலரைத் தள்ளுங்கள், நாய் பக்கத்தில் வந்தால் தின்ன ஏதாவது கொடுங்கள். பிறகு காம்பவுண்டுக்குள், அதுவும் காலி வண்டியோடுதான். வண்டி நின்றால் தானும் நிற்க வேண்டும் என்று அதற்குப் புரிந்த பிறகு தெருவுக்கு வாருங்கள். அப்போதும் குழந்தையை உட்கார வைக்கும் முதல் சில நாட்கள் இன்னொரு பெரியவர் கூட இருக்கட்டும். இழுக்கும் பழக்கம் இருந்தால், மார்புப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) வாங்குங்கள். இழுக்கும்போது நாயின் உடம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும். முதுகில் கொக்கி உள்ளது இழுப்பதற்குத்தான் வசதி.

நம் தெருக்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. நடைபாதை இருக்கும் இடத்தில் மின்சாரப் பெட்டி, பைக், தள்ளுவண்டிக் கடை. பத்தடிக்கு ஒருமுறை ஸ்ட்ரோலரை ரோட்டில் இறக்கி ஏற்ற வேண்டும், அதற்கு இரண்டு கையும் வேண்டும். அப்புறம் தெருநாய்கள். அவற்றுக்கு உங்கள்மேல் கோபமில்லை, தங்கள் எல்லைக்குள் வரும் உங்கள் நாய்மேல்தான். தூரத்தில் கூட்டமாகக் கண்டாலே திரும்பிவிடுங்கள், இரண்டுக்கும் நடுவே வண்டி மாட்டக் கூடாது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் இன நாய்கள் கடித்துக் குதறின. அதன் பிறகு நாயோடு வருபவரைப் பார்த்தாலே தாய்மார்கள் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பயத்தைக் குறை சொல்ல முடியாது. கயிறு கையில் இருப்பது அவர்களுக்காகவும்தான்.

வெயிலும் முக்கியம். புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. வெயிலுக்கு மறைப்பாக ஸ்ட்ரோலர்மேல் துணி போர்த்தவே கூடாது. உள்ளே காற்றில்லாமல் குழந்தை வெந்துபோகும்.

நாயைக் கொடுத்துவிடச் சொல்லும் மாமியாருக்கு: வேண்டாம் அம்மா. நான்கு வருடம் அந்த வீட்டையே உலகமாக நினைத்திருந்த ஜீவன் அது. ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பூச்சி மருந்து, மாநகராட்சி உரிமம் ஆகியவற்றைத் தவறாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் நாயையும் குழந்தையையும் ஒரே அறையில் தனியாக விட்டு யாரும் நகரக் கூடாது, அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி. இதை நீங்கள் பார்த்துக்கொண்டால் உங்கள் மருமகள் நிம்மதியாக நாயோடு ஒரு சுற்றுப் போய்விட்டு வருவாள்.