மொசூல் வீழ்ச்சி: சம்பளப் பட்டியலில் இருந்து தொடங்குங்கள்

2014 ஜூனில் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) என்ற ஆயுதக் குழுவின் சில ஆயிரம் ஆட்களிடம் ஈராக் ராணுவம் நாட்டின் வடக்கில் உள்ள மொசூல் நகரைப் பறிகொடுத்ததற்குக் கோழைத்தனம்தான் காரணம் என்று கருத்தரங்கக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதாதீர்கள், முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

சம்பளப் பட்டியலைப் பாருங்கள். அதிகாரி காசு கொடுத்துப் பதவி வாங்குவார். போட்டதை எடுக்க வேண்டுமே? சம்பளத்தில் பாதியைத் தந்துவிட்டு வீட்டிலேயே இருக்கும் சிப்பாய்கள், பெயரைத் தவிர வேறெதுவும் இல்லாத சிப்பாய்கள், சாப்பாட்டுக் காசு, எரிபொருள் என்று பல வழி. காவலில் நின்றவன் கடைத்தெருவில் சொந்தக் காசில் சாப்பாடு வாங்க வேண்டியிருந்தது. அவன் எதற்காக உயிரைக் கொடுப்பான், சொல்லுங்கள்! பாக்தாத்தோ பட்டியலில் இருந்த தலைகளை நம்பித் திட்டம் போட்டது. ஆள் குறைவு என்று மேலே சொன்னால் அதிகாரியின் வருமானம் போய்விடும், அதனால் யாரும் சொல்லவில்லை.

இதற்கு ஆதாரமாக, அப்போதைய ஈராக் பிரதமர் ஹைதர் அல் அபாதி 2014 நவம்பர் 30 அன்று நாடாளுமன்றத்தில் சொன்னதைக் காட்டுங்கள்: நான்கு டிவிஷன்களில் (பெரிய படைப்பிரிவுகளில்) மட்டும் 50,000 போலிப் பெயர்கள்.

அப்புறம், எல்லாப் பழியையும் ஊழல் மேல் போடவும் வேண்டாம். நகரம் விழுந்தபோது பிரதமராக இருந்த, ஷியா பிரிவைச் சேர்ந்த மாலிகியின் ஆட்சி மீது மொசூலின் சன்னி முஸ்லிம்களுக்கு இருந்த கசப்புக்கும், தளபதிகள் முதலில் கிளம்பிப் போனதற்கும் தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள்.