தங்கையின் பங்கும் கர்த்தரின் மன்னிப்பும்

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். தங்கையிடம் "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று சொல்லி, அவள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, வீட்டை முழுசாக என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். அப்புறம்தான் இரட்சிக்கப்பட்டேன். பழைய பாவமெல்லாம் இரத்தத்தால் கழுவப்பட்டாயிற்று, அதைத் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்துவது பிசாசுதான் என்று சபையில் சொல்கிறார்கள். ஆனாலும் இராப்போஜனம் எடுக்கும்போதெல்லாம் மனசு குத்துகிறது. உபவாசம் இருந்து ஜெபித்தும் போகவில்லை. எனக்குக் கிருபை கிடைக்கவில்லையா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: கிடைத்திருக்கிறது சகோதரரே, அதனால்தான் குத்துகிறது. கையெழுத்து வாங்கிய அன்றைக்கு உங்களுக்குக் குத்தவில்லையே, இப்போது குத்துகிறதென்றால் உள்ளே யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம், அவரைப் பிசாசு என்று சொல்லி உபவாசம் போட்டுத் துரத்தப் பார்க்கிறீர்களே என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிசாசு குற்றஞ்சாட்டுகிறவன் என்பது உண்மை, வெளிப்படுத்தல் 12:10-ல் இருக்கிறது. ஆனால் அவன் வந்தால் "நீ தொலைந்தாய், இனி உனக்கு வழியே இல்லை" என்பான். தங்கையின் பங்கைத் திருப்பிக் கொடு என்று அவன் எதற்குச் சொல்லப்போகிறான்? உங்கள் மனசு ஒரே ஒரு வீட்டை, ஒரே ஒரு பத்திரத்தை, ஒரே ஒரு ஆளைச் சுட்டிக்காட்டுகிறது.

காரணமே இல்லாத குற்றவுணர்வும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர், 1505-ல் ஜெர்மனியில் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்த புதிதில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்வார், வெளியே வந்ததும் ஒன்றை விட்டுவிட்டேனே என்று மறுபடி ஓடுவார். அவருடைய மேலதிகாரி ஸ்டாப்பிட்ஸ் களைத்துப்போய், கிறிஸ்து மன்னிப்பது நிஜமான பாவங்களை, இந்த மாதிரிச் சின்ன விஷயங்களை அல்ல என்கிற பொருளில் அவரைக் கடிந்துகொண்டார். அப்படி வதைபடுகிறவர் எழுதியிருந்தால், போய் நிம்மதியாகத் தூங்குங்கள், கிறிஸ்துவுக்குள் இருக்கிறவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்கிற ரோமர் 8:1 உங்களுக்குத்தான் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். உங்களுடையது நிஜமான பாவம், பதிவு அலுவலகத்தில் நம்பர் போட்டு இருக்கிற பாவம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. நீங்கள் இருவர்தான் பிள்ளைகள் என்றால் அதில் பாதி வீடு இன்றைக்கும் நியாயப்படி அவருடையது.

"தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன்" என்று தாவீதே சொல்லியிருக்கிறாரே, கர்த்தரிடம் கேட்டால் போதாதா என்று யாராவது 51-ஆம் சங்கீதத்தைக் காட்டலாம். தாவீது அழுதபோது, அவர் மனைவியை எடுத்துக்கொண்டு சாகடித்த உரியா செத்துப்போயிருந்தான், திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. உங்கள் தங்கை உயிரோடு இருக்கிறார்.

ஜான் நியூட்டனை உங்களுக்குத் தெரிந்திருக்கும், கிருபையைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற ஆங்கிலப் பாட்டை எழுதியவர். 1748-ல் அட்லாண்டிக் கடலில் கப்பல் மூழ்கும் நிலையில் அவர் தேவனை நோக்கிக் கூப்பிட்டார், மனந்திரும்பினார் என்று சாட்சிகளில் சொல்வார்கள். அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்வதில்லை. 1750-லிருந்து 1754 வரை மூன்று பயணங்களில் அவரே அடிமைக் கப்பலின் கேப்டன். மேல்தளத்தில் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார், கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்கர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். அந்தத் தொழிலை விட்டதுகூட உடம்பு சரியில்லாமல் போனதால்தான். அப்புறம் போதகரானார், 1773 புத்தாண்டு ஆராதனைக்காக அந்தப் பாட்டை எழுதினார், அப்போதும் தான் செய்த வியாபாரத்துக்கு எதிராக ஊர் முன்னால் வாய் திறக்கவில்லை. 1788-ல்தான் அடிமை வியாபாரத்துக்கு எதிராக ஒரு சிறு புத்தகம் போட்டு, நானும் அதில் இருந்தேன், இந்த அறிக்கை எவ்வளவு உண்மையாக இருந்தாலும் நடந்த கொடுமையைத் தடுக்கவோ சரிசெய்யவோ முடியாத அளவுக்குத் தாமதமாக வருகிறது என்று வெட்கத்தோடு எழுதினார். அந்தப் புயலிலிருந்து 40 வருஷம்! அவருக்குக் கிருபை கிடைத்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த 40 வருஷத்தில் விற்கப்பட்டுப் போனவர்களுக்கு அவருடைய கிருபையால் ஒரு நன்மையும் வரவில்லையே என்று நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

சரி, வீட்டில் பாதியைக் கொடுத்துவிட்டால் மன்னிப்பு கிடைத்துவிடுமா என்று கேட்டால், அதுவும் இல்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்கூட அதற்கு வாங்கிய 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டான், ஆனால் மூன்று தரம் மறுதலித்த பேதுருவைப் போல இயேசுவின் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கவில்லை, போய் நாண்டுகொண்டான். மன்னிப்புக்கு விலை கிடையாது. உங்கள் வீட்டை முழுசாக விற்றுக் கொட்டினாலும் அதை வாங்க முடியாது.

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூல்காரன் சகேயுவின் கதையில் எது முதலில் நடக்கிறது என்று லூக்கா 19-ஐ எடுத்துப் பாருங்கள். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொன்னபோது சகேயு ஒரு காசும் கொடுத்திருக்கவில்லை, மரத்தில்தான் இருந்தான். ஊரே முறுமுறுத்தது. அவர் உள்ளே வந்த பிறகுதான், அநியாயமாய் வாங்கினது உண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்துச் சட்டம் கேட்டது முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும்தான், இவன் நாலு மடங்கு என்கிறான். கணக்குப் பார்த்துப் பிழைத்தவனுக்கு அந்தத் தாராளம் எங்கிருந்து வந்தது? தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று தெரிந்ததும் காசின்மேல் இருந்த பிடி விட்டுப்போயிற்று. அதே கிருபைதான் உங்களுக்கும் கிடைத்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

ஆகவே இன்னொரு உபவாசம் வேண்டாம். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இயேசுவே சொல்லியிருக்கிறார். ஒரு வக்கீலைப் பார்த்து, தங்கையின் பங்கை செட்டில்மென்ட் பத்திரமாக எழுத என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். மனைவியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், சண்டை வரும், வரட்டும். அப்புறம் தங்கையின் வீட்டுக்கு நேரில் போங்கள், "அப்போது நிலைமை அப்படி" என்ற பேச்சே வேண்டாம், "உன்னை ஏமாற்றினேன்" என்று சொல்லுங்கள்.

அவர் உடனே மன்னிக்காமல் போகலாம், முகத்தில் கதவைச் சாத்தலாம். அதற்காகப் பத்திரத்தை நிறுத்தாதீர்கள், பங்கு அவருடையது, மன்னித்தால்தான் தருவேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. எழுபதுதரம் ஏழுமுறை மன்னிக்க வேண்டும் என்ற வசனத்தைத் தயவுசெய்து அவரிடம் எடுக்காதீர்கள். அது மன்னிக்க வேண்டியவருக்குச் சொன்னது, அதை அவருக்கு எடுத்துச் சொல்லும் ஆள் நீங்கள் அல்ல.