வாசகர் கேள்வி–பதில்: கடைசி பஸ், வீதியோரம், வாய்க்கால் கரை

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஐந்து, வன்னியின் உள்ளூர்ப் போக்குவரத்தைப் பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் அவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

மாங்குளம் சந்தியிலிருந்து மேற்கே உள்ள எங்கள் கிராமத்துக்கு மாலை ஐந்து மணிக்குப் பின் பஸ் இல்லை. முன்னர் ஆறரைக்கு ஒன்று ஓடியது. கேட்டால் ஏற ஆளில்லை என்கிறார் நடத்துநர். இதற்கு என்ன வழி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், துணுக்காய்ப் பிரதேசம்

நடத்துநர் உள்ளதைத்தான் சொல்கிறார்; கணக்குப் பார்க்கும் முறைதான் பிழை. காலையில் வீட்டைவிட்டுப் புறப்படும் ஒருவர், மாலையில் எப்படித் திரும்புவது என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடுகிறார். கடைசி பஸ் நிச்சயமில்லை என்றால், அவர் காலை பஸ்ஸிலும் ஏறமாட்டார். மகனுடைய மோட்டார் சைக்கிளில் போவார், அல்லது ஓட்டோ பேசுவார், அல்லது பயணத்தையே தள்ளிப்போடுவார். ஆகவே ஆறரை மணி பஸ்ஸின் வருமானத்தில் ஒரு பகுதி, காலை ஏழு மணி பஸ்ஸில் கிழிக்கப்படும் சீட்டுகளில் மறைந்திருக்கிறது. ஒவ்வொரு சேவையையும் தனித்தனியாக எடைபோட்டு, எட்டுப் பேருடன் ஓடியதை நட்டம் என்று நிறுத்தும்போது, அதற்கு முந்திய சேவை கடைசிச் சேவையாகிறது. சில மாதங்களில் அதிலும் ஆள் குறைகிறது. பிறகு அதையும் நிறுத்துவதற்கு அதே காரணம் சொல்லப்படுகிறது.

பஸ்காரர் பக்கத்து நியாயத்தையும் பார்க்கவேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணிப்பின்போது, 2,617 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள முல்லைத்தீவு மாவட்டத்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர்; 1,025 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள யாழ்ப்பாண மாவட்டத்திலோ 5 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். அங்கே ஒரு சதுர கிலோமீற்றருக்கு 550 பேருக்கு மேல் இருக்க, இங்கே சுமார் 35 பேர்தான். ஆனால் சாதாரண பஸ் கட்டணம் நாடு முழுவதற்கும் ஒரே அளவில் நிர்ணயிக்கப்படுகிறது. காட்டையும் வயலையும் கடந்து ஆளில்லாத தூரம் ஓடவேண்டிய பஸ்ஸுக்கு, கொழும்பின் காலி வீதியில் ஓடும் பஸ்ஸின் கட்டணக் கணக்கு ஒருநாளும் சரிவராது. இந்த இடைவெளியை நிரப்புவதற்கே, தேசிய போக்குவரத்து ஆணைக்குழு வருமானம் குறைந்த கிராமியப் பாதைகளுக்கு ‘கெமி செரிய’, இரவிலும் அதிகாலையிலும் ஓடும் சேவைகளுக்கு ‘நிசி செரிய’, பாடசாலைப் பிள்ளைகளுக்குச் ‘சிசு செரிய’ என்று மானியத் திட்டங்களை வைத்திருக்கிறது. பயணிகள் இல்லை என்ற பதிலோடு திரும்பி வராமல், இந்தத் திட்டங்களுக்குள் எங்கள் பாதை வருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

எழுதும்போது ‘மக்கள் பெரும் அவதி’ என்று தொடங்கும் மனுவை அனுப்பவேண்டாம்; அத்தகைய மனுக்களுக்கு எந்த அலுவலகத்திலும் பஞ்சமில்லை. சந்தைநாளும் அடங்குமாறு இரண்டு வாரம், ஐந்து மணி முதல் ஏழு மணி வரை சந்தியில் காத்திருப்பவர்கள் எத்தனை பேர், எந்த ஊருக்கு, எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள், ஓட்டோவுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைக் குறித்து வையுங்கள். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் வழி அனுமதிப்பத்திரம் வடக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் பொறுப்பு, அரசின் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் என்றால் அது சம்பந்தப்பட்ட பஸ் சாலையின் (டிப்போவின்) முகாமையாளரிடம் போகவேண்டும். இரண்டு இடத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, பிரதி ஒன்றைப் பிரதேச செயலாளருக்கும் கொடுத்து, ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு, அதைத்தான் நான் முதலில் கேட்பேன். பஸ் இரவில் ஊரிலேயே தங்கி, காலையில் அங்கிருந்தே முதற்சேவையைத் தொடங்கும் வழக்கம் இ.போ.ச.வுக்குப் புதியதல்ல. அப்படி ஒரு பஸ் தங்குமானால் கடைசி பஸ்ஸும் முதல் பஸ்ஸும் ஒன்றாகவே கிடைத்துவிடும். வெறும் வண்டியாகச் சாலைக்குத் திரும்பும் எரிபொருளும் மிச்சம். சாரதிக்கும் நடத்துநருக்கும் பூட்டக்கூடிய ஓர் அறை, மின்விசிறி, மலசலகூடம், காலையில் தேநீர் ஆகியவற்றை உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் பொறுப்பேற்கும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். புதிய பஸ் கேட்பதைவிட, இருக்கும் பஸ் உறங்கும் இடத்தை மாற்றக் கேட்பது எளிதில் நடக்கக்கூடியது.

என் மகள் வட்டக்கச்சிப் பக்கமிருந்து சைக்கிளில் பாடசாலைக்குப் போகிறாள். வீதிக்குக் காப்பெற் தார் போட்ட பின் வாகனங்களின் வேகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. சைக்கிளுக்கென்று தனிப்பாதை கேட்கலாமா?
– ஒரு தாய், கிளிநொச்சி

கேட்கலாம்; ஆனால் வீதியோரத்தில் ஒரு வெள்ளைக்கோடு போட்டு அதைச் சைக்கிள் பாதை என்று திறந்துவைப்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்தக் கோட்டுக்குள் லொறி நிற்கும், மரக்கறி வண்டி நிற்கும், மாசி பங்குனியில் நெல் காயும். அறுவடைக் காலத்தில் நெல் பரவிய வீதியோரத்தை விட்டு விலகும் பிள்ளை நடுவீதிக்கே வரவேண்டியிருக்கிறது. விவசாயியைக் குறைசொல்லிப் பயனில்லை. ஊருக்கொரு சீமெந்துக் களம் இருந்தால் அவர் ஏன் வீதிக்கு வருகிறார்? சைக்கிள் பாதுகாப்புக்கான செலவில் நெல் உலர்த்தும் களத்தையும் சேர்க்கவேண்டிய மாவட்டம் இது. இரவில் வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளின் கதையும் இதே வகையானது.

வேகத்தைப் பற்றி நீங்கள் பயப்படுவது முற்றிலும் நியாயம். ஒரு வாகனத்தின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம், 30 கிலோமீற்றரில் வரும் அதே வாகனத்தைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலோடு மோதும். நடப்போரும் சைக்கிளோட்டிகளும் வாகனங்களோடு கலக்கும் இடங்களில் உச்ச வேகம் 30 ஆக இருக்கவேண்டும் என்று, 2020ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோமில் நடந்த வீதிப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் சொல்வது இதனால்தான். பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களிலாவது வாசலுக்கு இருபுறமும் இந்த வேகக் கட்டுப்பாடு வேண்டும். வெறும் பலகைக்கு யாரும் அடங்கமாட்டார்கள். பாதசாரிக் கடவையை வீதி மட்டத்தைவிடச் சற்று உயர்த்திக் கட்டினால் எந்தச் சாரதியும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

இதற்கு யாரிடம் போவது என்பதில்தான் பலர் அலைகிறார்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. ஆகவே ஏ-9 வீதியும், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியும் அவர்களுடையவை. சீ, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. உள்ளூர் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. மகள் போகும் பாதையில் இந்த மூன்றும் இருக்கக்கூடும். அப்படியானால் மூன்று கடிதங்கள் எழுதவேண்டும்.

கிளிநொச்சியில் மற்ற ஊர்களுக்கு வாய்க்காத ஒரு வசதி இருக்கிறது: இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் கரைகள். குடியேற்றத் திட்டங்களின் ஊடாக ஓடும் இக்கரைகளில் பல, பெருவீதியின் இரைச்சலிலிருந்து விலகியவை. ஓரளவு நிழலும் உண்டு. கிரவல் போட்டு இறுக்கி, மதகுகளுக்குக் கைபிடி வைத்து, பெருவீதியைக் கடக்கும் இடத்தில் உயர்த்திய கடவையும் விளக்கும் அமைத்தால், பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் வழி குறைந்த செலவில் கிடைக்கும். நீர்ப்பாசனப் பகுதியினரின் அனுமதி முதலில் வேண்டும். கரை அவர்களுடைய பராமரிப்புப் பாதை என்பதால், உழவு இயந்திரம் போய்வர இடம் விட்டே திட்டமிடவேண்டும். பற்றை வளர்ந்து ஆளரவமற்ற கரையில் பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப நீங்கள் விரும்பமாட்டீர்கள். ஆகவே பற்றை வெட்டும் பொறுப்பு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் நோயாளியும் நெல்மூட்டையும் விறகும் சைக்கிளில்தான் போயின. 2022இல் எரிபொருள் தட்டுப்பட்டபோது உத்தியோகத்தர்களும் அதில்தான் கந்தோருக்குப் போனார்கள். நெருக்கடிக்கு மட்டும் சைக்கிளை நினைத்துவிட்டு, நிதி வரும்போது வாகனங்களுக்கு மட்டும் வீதி அகலிப்பது எனக்கு விளங்காத நீதி.

இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக முண்டியடித்துப் போகின்றன. பிறகு ஒரு மணித்தியாலம் எதுவுமில்லை. இது திருந்தவே திருந்தாதா?
– மாணவர், பம்பைமடு

இரு தரப்பினரின் குணத்தில் பழியைப் போடுவது சுலபம். 1958இல் அரசுடைமையான பஸ் சேவையில் 1979 முதல் தனியாரும் அனுமதிக்கப்பட்டனர். அன்றிலிருந்து ஒரே வீதியில் ஒரே பயணிக்காக இரண்டு நிர்வாகங்கள் போட்டியிடுகின்றன. தனியார் பஸ்ஸில் சாரதி, நடத்துநரின் வருமானம் பெரும்பாலும் அன்றைய வசூலைப் பொறுத்தது. முன்னால் போகிறவருக்கே பயணிகள் கிடைப்பார்கள் என்ற நிலையில், யாராயினும் முந்தத்தான் பார்ப்பார்கள்.

இதற்கு மருந்து இணைந்த நேர அட்டவணைதான். வவுனியாவில் புதிய பஸ் நிலையம் கட்டி முடிந்த பின்னரும், அட்டவணை தொடர்பாக இரு தரப்புக்கும் இடையில் இழுபட்ட பிணக்கை நீங்கள் அறிவீர்கள்; கட்டடத்தால் தீராத விடயம் இது. சுவிற்சர்லாந்தில் 1982 முதல் ரயில்கள் ஒவ்வொரு மணித்தியாலத்திலும் அதே நிமிடத்தில் புறப்படும் முறை நாடு முழுவதற்கும் கொண்டுவரப்பட்டது. நெளுக்குளம் வழியாகப் போகும் பஸ் எப்போதும் 10ஆம் நிமிடத்திலும் 40ஆம் நிமிடத்திலும் புறப்படும் என்றால், அதை மனப்பாடம் செய்ய யாருக்கும் அட்டவணை தேவையில்லை. புறப்படும் நேரத்தைப் பதிவுசெய்யும் நேரக்கணிப்பாளர் எந்தத் தரப்பிலும் சம்பளம் வாங்காதவராக இருக்கவேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

ரயில் நேரத்துக்கும் கிராம பஸ் நேரத்துக்கும் ஏன் சம்பந்தமே இல்லை?
– வாசகர், பரந்தன்

கிளிநொச்சிக்கு ரயில் 2013இலும் யாழ்ப்பாணத்துக்கு 2014இலும் திரும்பி வந்தது. கிராம பஸ்களின் நேரங்கள் அதைக் கருதாமலே இருக்கின்றன. ரயில் வரும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் கழித்து ஒரு பஸ் புறப்படுவதற்குச் செலவு எதுவும் இல்லை. நிலையத்தருகே காவலுள்ள சைக்கிள் பார்க் ஒன்றைப் பிரதேச சபை கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரிக் குத்தகைக்கு விட்டால் சபைக்கும் வருமானம். ஐந்து கிலோமீற்றருக்குள் இருப்பவர்களுக்கு பஸ்ஸே தேவைப்படாது.

போரில் ஒரு காலை இழந்து செயற்கைக்கால் பொருத்தியிருக்கிறேன். பஸ்ஸின் முதற்படி எனக்கு எட்டாத உயரம். தரிப்பிடம் இருந்தும் பஸ் வீதி நடுவில்தான் நிற்கிறது.
– வாசகர், புதுக்குடியிருப்பு

மாற்றாற்றல் உடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமாக இருக்கிறது. பொது இடங்களை அவர்கள் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. தாழ்தள பஸ்கள் எப்போது வரும் என்று காத்திராமல், தரிப்பிடத்தின் தளத்தை உயர்த்தக் கேட்கலாம். வீதி மட்டத்திலிருந்து ஓரடி உயரத்துக்கு ஒரு மேடையும், அதில் ஏறச் சாய்தளமும் இருந்தால், முதற்படியின் உயரம் அந்த அளவு குறைந்துவிடும். ஆனால் பஸ் மேடையை ஒட்டி நிற்கவேண்டும். அதற்கு முன்னால் வேறு வாகனம் நிறுத்தப்படாமல் பொலிசார் பார்க்கவேண்டும். இப்போதுள்ள பல தரிப்பிடங்களில் நிதி தந்தவரின் பெயர் பெரிதாக இருக்கிறது; பஸ் வரும் நேரம் எங்கும் இல்லை. உங்கள் பிரதேச சபை உறுப்பினரை அழைத்துச் சென்று, நீங்கள் ஏறும் இடத்தில் படியின் உயரத்தை அவர் முன்னிலையில் அளந்து, அந்த அளவைக் கடிதத்தில் எழுதி, வீதி ஏ-35 ஆக இருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் மாவட்டப் பொறியியலாளருக்கும் அனுப்புங்கள்.