வாசலில் பைக், கையில் கேம்

கேள்வி: எனக்கு 32 வயது. சேலத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் கலெக்ஷன் வேலை. தவணை கட்டாதவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் என் பிழைப்பு. இரவு வீடு திரும்பியதும் பைக்கை ஸ்டாண்ட் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து செல்போனில் ஒரு மேட்ச் ஆடிய பிறகுதான் உள்ளே போகிறேன். சாப்பிட்டபின் மறுபடி கேம், 2 மணி வரை. ஞாயிற்றுக்கிழமை மந்திரவாதி, டிராகன் படங்களாக வரிசையாக மூன்று பார்த்துவிடுவேன். "இன்னும் சின்னப் பையனாட்டம் மாய உலகத்துலயே இருக்கீங்க, டாக்டரைப் பாருங்க" என்கிறார் மனைவி. இது நோயா? எதற்காக நான் இப்படி ஓடுகிறேன்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரவு 2 மணியைவிட அந்த பைக்தான் என்னை யோசிக்க வைத்தது. பகல் முழுக்க அடுத்தவர் வாசலில் நின்று ஏச்சு வாங்கியவர், சொந்த வீட்டு வாசலிலும் சட்டென்று உள்ளே போக முடியாமல் நிற்கிறார்.

உங்கள் வேலையையும் கேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு தன்மையாகப் பேசினாலும், எதிரில் இருப்பவர் பணம் கட்டுவாரா என்பது உங்கள் கையில் இல்லை. கேட்டால் அவரிடம் திட்டு, கேட்டு வராவிட்டால் மேலதிகாரியிடம் திட்டு. கேமில் குறி சரியாக இருந்தால் எதிரி விழுகிறான். அந்த நொடியே பாயின்ட் ஏறுகிறது. செத்துப்போனாலும் இரண்டு நிமிடத்தில் முதலிலிருந்து தொடங்கலாம். ஸ்குவாடில் யாரோ ஒரு பையன் "செம ஷாட்ணா" என்கிறான். ஆபீசில் அப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்து எத்தனை மாதமாயிற்று?

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மனதின் அடிப்படைத் தேவைகள் மூன்று என்று வகுத்தார்கள். முடிவு என்னுடையது, எனக்கு இது கைவருகிறது, எனக்கென்று நாலு பேர் இருக்கிறார்கள் என்ற மூன்று உணர்வுகள். கேம் ஆடுகிறவர்களை ரயான் குழுவினர் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டபோது, இந்த மூன்றும் கிடைக்கும் அளவுக்கு ஆட்டம் இனிக்கிறது, மறுபடி ஆடத் தோன்றுகிறது என்று தெரிந்தது. உங்கள் பகலில் மூன்றுக்குமே பஞ்சம். அதனால் சின்னப் பையன் புத்தி என்று உங்களைச் சொல்ல மாட்டேன்.

படம் வேறு ரகம். அங்கே நீங்கள் எதையும் ஜெயிக்க வேண்டாம். இரண்டரை மணி நேரம் உங்கள் கதையை இறக்கி வைத்துவிட்டு இன்னொருவன் கதையைச் சுமக்கலாம். டிராகன் உலகத்தில் யார் கெட்டவன் என்பதில் குழப்பமும் இல்லை. தவணை கட்ட முடியாமல் அழுகிறவர் முன்னால் ரசீதுப் புத்தகத்தோடு நிற்கும்போது அந்தத் தெளிவு கிடைப்பதில்லையே!

இதற்கு மூளையிலும் அடையாளம் உண்டு. 1998-இல் லண்டனில் எட்டு ஆண்களை ஒரு டாங்கி விளையாட்டு ஆடவிட்டு, மூளை வேலை செய்வதைக் காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுத்தார்கள். டோபமைன் என்ற மூளை ரசாயனம் வெளிப்படுவது கூடியிருந்தது. டோபமைன் என்றாலே போதை என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். பிரியாணி வாசனைக்கு வயிறு ஏங்கும்போதும் அதற்கு மூளையில் வேலை இருக்கிறது.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் எழுதிய ஒரு பழங்கதை ஞாபகம் வருகிறது. லிடியா நாட்டில் பெரும் பஞ்சம். பசியை மறக்க மக்கள் தாயக்கட்டையும் பந்தும் கண்டுபிடித்தார்களாம். ஒரு நாள் முழுக்க விளையாட்டு, சாப்பாடு கிடையாது. மறுநாள் சாப்பாடு, விளையாட்டு கிடையாது. 18 வருடம் இப்படியே ஓட்டியிருக்கிறார்கள். பலர் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். அப்புறமும் பஞ்சம் தீரவில்லை. மக்களில் பாதிப் பேர் கப்பலேறி வேறு தேசம் தேடிப் போனார்கள். ஆட்டம் அவர்களை உயிரோடு வைத்திருந்தது, சோறு மட்டும் வேறு இடத்தில்தான் கிடைத்தது.

நார்வே உளவியலாளர் ஃப்ரோட ஸ்டென்செங் இந்த ஓட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, நல்ல அனுபவம் தேடிப் போவது. இன்னொன்று, மனதில் இருப்பதை அமுக்கிவிடப் போவது. ஒரே ஆள் செவ்வாய்க்கிழமை ஒரு விதமாகவும் வெள்ளிக்கிழமை வேறு விதமாகவும் போகலாம். போனைக் கீழே வைக்கும்போது மனசு லேசாக இருக்கிறதா, எடுத்தபோது இருந்ததைவிடக் கனமாக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இனி, நோயா என்ற கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய்ப் பட்டியலில் ‘கேமிங் கோளாறு' இருக்கிறது, 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது: இவை வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்து, பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்ற கணக்கு அதில் கிடையாது. வேலைக்குப் போகிறீர்கள், நீங்களே கேள்வியும் கேட்கிறீர்கள். கடிதத்தை மட்டும் வைத்து உங்களுக்கு அந்த முத்திரை குத்த மாட்டேன்.

தூக்கம்தான் என் கவலை. 2 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தால் நான்கு மணி நேரம். உங்கள் வயதுக்கு ஏழாவது வேண்டும். தூங்காதவனுக்கு அதே திட்டு இரண்டு மடங்கு வலிக்கும். சாயங்காலம் கேமும் அதற்கேற்பத் தேவைப்படும்.

கேமை அழிக்கச் சொல்ல மாட்டேன். ஆவேசமாக அழித்துவிட்டு நள்ளிரவில் திரும்ப இறக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பைக் மேட்ச் அப்படியே இருக்கட்டும். மனைவியிடம் மட்டும் சொல்லிவிடுங்கள், "வந்துட்டேன், இருபது நிமிஷம்" என்று. வண்டிச் சத்தம் கேட்டும் ஆள் உள்ளே வராததை அவர் எப்போதோ கவனித்திருப்பார். இரவு ஆட்டத்துக்கு ஒரே விதி: பத்தரைக்கு மேல் புது மேட்ச் தொடங்கக் கூடாது. ‘பதினொன்றுக்கு நிறுத்துவேன்' என்பது பலிக்காது, பாதி மேட்ச்சில் ஸ்குவாடை விட்டு வர மனசு வராது. சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றுங்கள்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். கேமைத் திறக்கும் முன், அன்று மனதில் நிற்பதை ஒரு வரி எழுதுங்கள். ‘ஆத்தூர் பக்கம் ஒரு அம்மா கதவைச் சாத்திட்டாங்க' என்ற அளவு போதும். எந்த வரி எழுதிய நாளில் ஆட்டம் நீள்கிறது என்று இரண்டு வாரத்தில் தெரியும். அந்த வரியை மனைவியிடம் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை மூன்று படங்களில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

பணம் வைத்து ஆடுவதாக நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் அது தனி விஷயம், மறைக்காமல் எழுதுங்கள். கேமே சலித்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தாலோ, ‘இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரைப் பார்க்கப் போனால் அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.